உலகத்தில் மொத்தம் பதினொரு வெர்தோலே

உலகத்தில் வெர்தோலே என்ற குடும்பப் பெயரோடு மொத்தம் பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். இது அமலநாதனாக அளந்துவிட்டது இல்லை. இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. எந்தக் குடும்பப் பெயரைத் தட்டினாலும் அது எந்தெந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வரைபடத்தோடு காட்டிவிடும். அதில் வெர்தோலே என்று தட்டினால் மலேசியாவில் ஒன்பது, சிங்கப்பூரில் ஒன்று, கனடாவில் ஒன்று என்று வரும். பிரெஞ்சுப் பெயராயிற்றே, பிரான்சில் எத்தனை என்று பார்த்தால் பூஜ்யம்.

"அதான் எல்லாரும் இங்க வந்துட்டோம்ல" என்று அமலநாதன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அவர் மனைவி எவ்லின் இருபத்திரண்டு வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை பார்த்தவள். நூறு மின்சுற்றுப் பலகை வந்தால் அதில் ஓட்டை விழுந்த ஒன்றைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணோடு ஒன்பது மலேசிய வெர்தோலேக்களையும் ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். தளம் கணக்கெடுத்தது ஃபேஸ்புக்கிலிருந்துதான். ஒன்று அவள் கணவர். இரண்டாவதும் அவள் கணவர்தான். கடவுச்சொல்லை மறந்துபோய் ஃபேஸ்புக்கில் இன்னொரு கணக்குத் திறந்திருந்தார். மூன்றாவது அவளே. அடையாள அட்டையான ஐசியில் அவளுக்கு அவள் அப்பா பெயர்தான், ஆனால் ஃபேஸ்புக்கைத் திறந்துகொடுத்த மகராசன் சும்மா இருப்பாரா? நான்காவது மகள் ஐலீன். ஐந்தாவது அமலநாதனின் சித்தப்பா, செத்து ஆறு வருஷமாகியும் கணக்கை மூட ஆளில்லாமல் வருஷாவருஷம் பிறந்தநாள் வாழ்த்து வாங்கிக்கொண்டிருப்பவர். மீதி நாலு பேர் அந்தச் சித்தப்பாவின் பிள்ளைகள். அவர்களில் ஒருவரும் அமலநாதனோடு பேசுவதில்லை. சிங்கப்பூர்க்காரரும் கனடாக்காரரும் யார் எவரென்றே தெரியாது. இருவருக்கும் இவர் பாசத்தோடு நீளமாக எழுதினார், இருவருமே இவரைத் தடைசெய்துவிட்டார்கள்.

ஆக, உலகளாவிய வெர்தோலே வம்சம் என்பது உலு திராம் ஊரில் தாமான் எனப்படும் ஒரு வரிசைவீட்டுக் குடியிருப்பில், கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், மூன்று அறை வீட்டில் அடங்கிவிட்டது.

இந்த நாட்டுத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். அப்படியிருக்க, அமலநாதனின் ஐசியில் மட்டும் பேருக்குப் பின்னால் வெர்தோலே என்று கொட்டை எழுத்தில் நிற்கும். நகராண்மை அலுவலகத்தில் லைசென்ஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தபோது, நாசி லெமாக் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவனிடம்கூட அந்தப் பேரை விளக்கித்தான் அனுப்புவார். அவருடைய தாத்தா சவரிநாதன் வெர்தோலே ஒரு பிரெஞ்சுக்காரரின் சொந்த ரத்தம் என்பது அவர் அப்பா சொல்லிவிட்டுப் போன கதை. எவ்லினைக் கட்டிக்கொண்ட புதிதில் அந்தப் பிரெஞ்சுக்காரர் மூவார் பக்கம் சும்மா ஒரு துரையாக இருந்தார். ஐலீன் பிறந்தபோது பிரபுவாகியிருந்தார். இப்போது அவருக்குக் கோட்டை கொத்தளமெல்லாம் வந்துவிட்டது. எவ்லினும் மூவார்க்காரிதான். நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் அப்பாவுக்கு அந்த ஊரில் தெரியாத ஆளில்லை. அப்படியொரு துரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேள்விப்பட்டதில்லை. இதைச் சொன்னால் அமலநாதன் மூக்கைத் தடவிக் காட்டுவார். "இது நம்ம ஆளுங்க மூக்கா, சொல்லு."

நம்ம ஆளுங்க மூக்குதான். நல்ல அகலமாக, தாராளமாக இருக்கும். எவ்லின் அதைச் சொல்லாமல் இருந்ததே இல்லை, அவர் அதைக் காதில் வாங்கியதும் இல்லை.

இதுவரைக்கும் வீட்டுக்குள் நடந்த கூத்து. யாருக்கும் நஷ்டமில்லை. காலையில் மற்றவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட, இவர் மட்டும் பேக்கரியிலிருந்து விறகுக் கட்டை போலிருக்கும் நீள ரொட்டியை வாங்கிவந்து கோப்பியில் ஊறவைத்துத் தின்றார். ஒரு கடைவாய்ப்பல் போனது. அது அவருடைய பல். ஆனால் ஐலீனுக்கு முப்பத்துமூன்று வயதில், ஒருவழியாக ஒருவனைப் பிடித்துப்போனபோது விஷயம் வீட்டைத் தாண்டிவிட்டது.

பையன் பெயர் குணாளன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஐலீன் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அந்தக் கட்டடத்து லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து கதவை நெம்பிக்கொண்டே அவள் பயப்படாமலிருக்க ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான் இவன். கதவு திறந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை, இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பையன் இந்து. அதற்குக் கோயில் பாதரே ஒன்றும் சொல்லவில்லை, ஆயரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றுவிட்டார். ஆயருக்கில்லாத ஆட்சேபம் அமலநாதனுக்கு இருந்தது.

"அவங்க அப்பா காஹாங்ல செம்பனைத் தோட்டத்துல கூலியாளுங்கள மேய்க்கற மண்டோர். தாத்தா யாருன்னு கேட்டா, தோட்டத்துல புல்லு வெட்டினாருங்கறான். அதுக்கு முன்ன? ஒன்னுந் தெரியல. வேர் தெரியாத குடும்பத்துல எப்படிப் பொண்ணு கொடுக்கறது எவ்லின்?"

"உங்க வேரத் தேடித்தான் நாலு மாசமா பிரான்சுக்கு ஈமெயில் போட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றாள் எவ்லின்.

மகள் மூன்று வாரம் அவரோடு பேசாமலிருந்த பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். பிறக்கிற பிள்ளைகளுக்கு வெர்தோலே என்ற பெயரையே பதியவேண்டும். பதினொன்றைப் பன்னிரண்டாக்க அவருக்கு வேறு வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, வெர்தோலே வரலாறு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தங்கள் வாயால் ஒப்புக்கொண்டு போகவேண்டும். ஐலீன் கொதித்தாள். எவ்லின்தான் அவளை அடக்கினாள். "தலையாட்டிட்டுப் போகட்டும்மா. புள்ளைக்குப் பேர் பதியறப்ப நீதான கவுண்டர்ல நிப்ப." எவ்லினுக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கல்யாணம் நடந்தாகவேண்டும். தன் மகள் ஒருவனைப் பற்றிப் பேசும்போது முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஒரு பேர் கிடந்து போகிறது.

பிரான்சில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி அருகிவரும் குடும்பப் பெயர்களைப் பற்றி ஒரு பக்கம் நடத்துகிறாள். அவளுக்குத்தான் அமலநாதன் எழுதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பதில் வந்துவிட்டது. நல்ல ஆங்கிலத்தில், ஒரு பழைய கடிதத்தின் மொழிபெயர்ப்பையும் இணைத்து, நாலு பக்கம். 'அன்புள்ள திரு. வெர்தோலே, உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடிவதில் மிக்க மகிழ்ச்சி' என்று தொடங்கியது. அந்த வரியைப் படித்ததுமே அமலநாதன் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீதியை எல்லார் முன்னாலும் படிக்கவேண்டுமாம். தானே முதலில் படித்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடுமாம்.

"முழுசாப் படிச்சிட்டு அப்புறம் ஊருக்குக் காட்டுங்க" என்று எவ்லின் சொன்னாள். கையெழுத்துப் போடுமுன் சரக்கைப் பார்க்கவேண்டும் என்பது தொழிற்சாலையில் முதல் நாளே சொல்லித்தருவது. நகராண்மை அலுவலகத்தில் அப்படி எதுவும் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்குக் குணாளன் தன் அப்பா அம்மாவோடு வந்தான். பையனின் அப்பா செல்லப்பன், அறுபத்தைந்து வயது, கறுத்து ஒடிசலான ஆள், வெயிலில் நின்றே பழகியவர் என்பதால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். அம்மா மலர், வந்ததும் நேராகச் சமையலறைக்குள் வந்து "என்னக்கா, என்ன செய்யணும் சொல்லுங்க" என்றாள். எவ்லினுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. பழம், வெற்றிலை பாக்கு, பூ, ஒரு புடவை என்று தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். பேச்சு முடிந்தால் அப்படியே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

தேநீர் வெர்தோலே வம்சச் சின்னம் பொறித்த குவளைகளில் வந்தது. இணையத்தில் சொல்லிச் செய்தது. ஒரு கேடயம், அதற்குள் ஒரு சிங்கம், சிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு சேவல். செல்லப்பன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த பேங்க்ல குடுத்தாங்க?" என்றார்.

ஐலீன் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமலநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்றபடி ஒரு பத்து நிமிடம் பேசினார். துரை, பிரபு, கோட்டை, தாத்தாவின் ரத்தம், உலகத்தில் பதினொரு பேர் எல்லாம் வந்தது. செல்லப்பன் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லீங்க" என்றார் முடிவில். "பேரப்புள்ளைங்களுக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்குங்க. குலசாமி கும்பிட மட்டும் வருசத்துக்கொரு தடவ அனுப்பிவிட்டாப் போதும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். எவ்லின் தட்டை எடுக்க எழுந்தே விட்டாள். ஆனால் அமலநாதனின் பையில் ஆதாரம் இருக்கிறதே. ஆதாரத்தைக் காட்டாமல் விடுவாரா?

"ஐலீன், இதப் படி. படிச்சித் தமிழ்ல சொல்லு."

ஐலீன் வேண்டா வெறுப்பாகக் கைப்பேசியை வாங்கினாள். முதல் பக்கத்தில் வெர்தோலே என்பது ஓர் ஓடைக்கரைக் குக்கிராமத்தின் பெயர் என்றிருந்தது. முப்பது வீடு. அங்கிருந்து போனவர்களுக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயரானது. பரம்பரைத் தொழில் மரவாளி செய்வது.

"வாளியா?" என்றார் அமலநாதன்.

"வாளிதான் பப்பா. தண்ணி சேந்தற வாளி."

எவ்லின் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது அவளுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த பக்கத்தில் கடைசி வெர்தோலே வந்தார். எமில் வெர்தோலே. கூடப்பிறந்தவள் ஒரே அக்காள், கன்னியாஸ்திரீ. இவர் குருவாகி, மறைபரப்ப மலாயாவுக்கு வந்து, மூவாரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்து, 1931-இல் இங்கேயே இறந்துபோனார். அவரோடு பிரான்சில் அந்தப் பெயர் முடிந்துவிட்டது.

ஐலீன் நிறுத்தினாள். கூடத்தில் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள், யாரும் விடையைச் சொல்லவில்லை. மலர்தான் ஒன்றும் புரியாமல் கேட்டாள். "குருன்னா சாமியாருதான? அவங்க கல்யாணம் கட்ட மாட்டாங்கல்ல?"

"கட்ட மாட்டாங்க" என்றாள் எவ்லின். முப்பத்தாறு வருஷமாகத் தன் கணவர் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்த பிரெஞ்சு ரத்தம் யாருடையது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தலையைச் சுற்றிக்கொண்டும் வந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னாலா இது வரவேண்டும்?

"மேல படி" என்றார் அமலநாதன். குரல் இறங்கியிருந்தது.

மீதி, அந்தக் குரு 1910-இல் தன் அக்காளுக்கு எழுதிய கடிதம். ஐலீன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள்.

"காஹாங் பக்கம் புதுசா காடு வெட்டற தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய்ச்சல்ல, கூலிங்க குடியிருக்கற லயத்துல பாதிப் பேர் இல்ல. ஒரு தமிழ்க் குடும்பத்துல அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே வாரத்துல செத்துட்டாங்க. ரெண்டு பையனுங்க. பெரியவனுக்குப் பத்து வயசு, புல்லு வெட்டுவான், அனுப்ப மாட்டேன்னுட்டாரு கங்காணி. சின்னவனுக்கு அஞ்சு. வேலைக்கு ஆக மாட்டான், வேணும்னா தூக்கிட்டுப் போங்கன்னாரு. தூக்கிட்டு வந்துட்டேன். சவரிநாதன்னு ஞானஸ்நானம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துல அப்பா பேர் கேட்டாங்க. அவனுக்குச் சொல்லத் தெரியல. என் பேரையே எழுதிட்டேன். நம்ம பேரு எப்படியும் என்னோட முடியப்போவுது அக்கா, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும். அவங்க அண்ணன் சடையன் ஆத்துத் துறை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலயே ஓடிவந்தான். படகு தள்ளினப்புறமும் நின்னுக்கிட்டே இருந்தான்."

"அண்ணன் பேரு என்னன்னு சொன்ன தாயி?" என்று கேட்டார் செல்லப்பன்.

"சடையன்."

செல்லப்பன் குவளையைக் கீழே வைத்தார்.

"சடையன் எங்க தாத்தா" என்றார். "அப்பாவும் அம்மாவும் காய்ச்சல்ல போய்ட்டாங்க, தம்பிய வெள்ளக்கார சாமியார் தூக்கிட்டுப் போய்ட்டாருன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஆத்துத் துறையையும் சொல்லுவாரு. அந்தத் தம்பி திரும்ப வருவான், வரும்போது அவனுக்கு இல்லன்னு ஆயிடக்கூடாதுன்னு, முனியாண்டி படையல்ல வருசா வருசம் ஒரு எல சேத்துப் போடுவாரு. எங்கப்பா போட்டாரு. நானும் போட்டுக்கிட்டிருக்கேன். போன மாசங்கூடப் போட்டேன்."

பிறகு எழுந்துவந்து அமலநாதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி" என்றார்.

அமலநாதன் கூடப்பிறந்தவர் யாருமில்லாத ஒற்றைப்பிள்ளை. அறுபத்திரண்டு வயதுவரை அவரை யாரும் அந்த மாதிரி, உரிமையோடு, தம்பி என்று கூப்பிட்டதில்லை. சொந்தம் தேடிக் கனடாவுக்கு எழுதி, பிரான்சுக்கு எழுதி, கெஞ்சாத குறையாக எழுதி அடி வாங்கியவர். சொந்தமோ உலு திராமிலிருந்து இரண்டு மணிநேரக் கார் ஓட்டத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இலை போட்டுக் காத்திருந்திருக்கிறது. அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. கோட்டை, கொத்தளம், சிங்கம், சேவல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. செல்லப்பனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எவ்லினுக்கும் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதர் பேருக்காக இத்தனை காலம் அலையவில்லை, ஆளுக்காக அலைந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நூறு பலகையில் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

மலரும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் முதலில் நிறுத்தியது அவள்தான்.

"ஏங்க" என்றாள் கணவரிடம். "அப்படின்னா நாம பங்காளி ஆவுதே."

செல்லப்பனின் கை நழுவியது. அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை வழி. இரண்டு வீட்டுக்கும் ஒரே குலசாமி. குணாளனும் ஐலீனும் அண்ணன் தங்கை முறை.

"நாலு தலைமுறை ஆச்சு அங்கிள்" என்றாள் ஐலீன். "நான் ரத்த லேப்லதான் வேல பாக்கறேன். இதுல ஒரு கெடுதலும் கிடையாது. எங்க கோயில்லயும் தடுக்க மாட்டாங்க."

"நீ சொல்றது சரிதாம்மா" என்றார் செல்லப்பன். கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "லேப்ல ஒத்துக்கும். முனியாண்டிகிட்ட போயி யாரு சொல்றது? நான் குறுக்க நிக்க மாட்டேன். நீங்க கட்டிக்குங்க. என் கையால அட்சத போட முடியாது. பங்காளி வீட்டுல பொண்ணெடுத்தேன்னு படையல்ல போயி நான் நிக்க முடியாதும்மா."

ஐலீன் குணாளனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "அப்பா இல்லாம எப்படிலா" என்று முணுமுணுத்தான். அவன் கெட்டவனில்லை. அப்பாவை விட்டுவிட்டுத் தாலி கட்டுகிற ஆளுமில்லை. ஐலீன் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் சாத்தினாள்.

செல்லப்பன் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டார். எவ்லின் கணவரைச் சமையலறைக்குள் இழுத்து வந்தாள்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"முப்பத்தாறு வருசமா சொன்னீங்களே, அதையே. உங்க தாத்தா வெள்ளக்காரரோட சொந்த ரத்தம்னு."

"அது பொய்னு தெரிஞ்சு போச்சே எவ்லின்."

"எனக்கு எப்பவோ தெரியும். இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு உபயோகம் வந்திருக்கு."

அமலநாதன் அலம்பும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செத்துப்போன ஒரு குருவானவர் மேல பழி போடச் சொல்றியா? அவர் ஒரு புள்ளையத் தூக்கி வளத்தவர்."

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். நீங்களும் பண்ணிக்குங்க. நம்ம புள்ள உள்ள உக்காந்து அழுதுகிட்டு இருக்கு."

அமலநாதன் சின்னக் குரலில், "எனக்கு ஒரு அண்ணன் கிடைச்சிருக்காரு எவ்லின்" என்றார்.

தெரியும் என்று சொல்லி எவ்லின் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

செல்லப்பனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அமலநாதன் மறுபடி நடுக்கூடத்தில் நின்றார். இதே இடத்தில் ஒரு மணிநேரத்துக்கு முன் நின்று பேசியபோது அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்போது எதிரில் இருந்தவர்களே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அந்தக் கடுதாசிய அப்படியே நம்பக் கூடாதுங்க" என்றார். "ஒரு சாமியாரு, கன்னியாஸ்திரீயா இருக்கற அக்காவுக்கு, எனக்குப் புள்ள பிறந்திருக்குன்னா எழுதுவாரு? அனாதப் புள்ளைய எடுத்தேன்னுதான் எழுதுவாரு. சடையனோட தம்பியையும் எடுத்திருக்கலாம். அந்தப் பையன் வேற யாராவதா இருக்கும். அந்தக் கதைய எடுத்துச் சொந்தப் புள்ளைக்குப் போட்டுட்டாரு. எங்க அப்பா என்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னது. எங்க தாத்தா அவரோட சொந்த ரத்தம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் மூக்கைத் தொட்டார். "பாத்தாலே தெரியும்."

எல்லாரும் பார்த்தார்கள். மூக்கு அகலமாக, தாராளமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் செல்லப்பனின் முகத்திலும் அதே மூக்கு இருந்தது.

செல்லப்பன் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டோராக இருந்து, காய்ச்சல் என்று பொய் சொல்லி வேலைக்கு வராதவர்களை நாற்பது வருஷம் பார்த்தவர் அவர். பிறகு எவ்லின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க பொய் பேசற ஆளாத் தெரியல. அவரு சொல்றது உண்மைதானா?"

எவ்லின் தன் வாழ்நாளில் கணவரின் வெர்தோலே கதைக்கு ஆமாம் போட்டதே இல்லை. ஞானஸ்நான விருந்துகளில், கல்யாண வீடுகளில், சாவு வீட்டில்கூட, அவர் ஆரம்பித்தால் இவள் முடித்து வைப்பாள்.

"உண்மைதாண்ணே" என்றாள்.

செல்லப்பன் தலையசைத்தார். "அப்ப எங்க தாத்தாவோட தம்பி இன்னும் கிடைக்கல" என்றார். "அந்த எலய நான் நிறுத்தலங்க. எப்பயும் போலப் போட்டுக்கிட்டு இருப்பேன்." பிறகு மலரைப் பார்த்து, "தட்ட எடு" என்றார்.

எவ்லின் மகளின் கதவைத் தட்டி வெளியே வரச் சொன்னாள். ஐலீன் முகம் கழுவிக்கொண்டு வந்து குணாளனுக்குப் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவன்தான் நகர்ந்து வந்தான்.

"நீங்க கேட்ட மாதிரியே பேரப்புள்ளைங்களுக்கு உங்க பேருதான்" என்று செல்லப்பன் சொன்னார். "இனிமே அத விடக்கூடாது."

"சரி" என்றார் அமலநாதன். நாலு மாசமாக எதற்காகச் சண்டை போட்டாரோ அது முழுசாகக் கையில் வந்து விழுந்தது. கசப்பு மருந்தை விழுங்குகிறவர் முகம்தான் அவருக்கு அப்போது இருந்தது.

செல்லப்பன் தட்டை நீட்டினார். "வாங்கிக்குங்க சம்பந்தி."

அமலநாதன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தட்டு இவர் கைக்கு வரவேண்டும், அவர் கை விடவேண்டும், அவ்வளவுதான் சடங்கு. இவர் இழுக்கவில்லை, அவர் விடவில்லை. பழமும் பூவும் நடுவில் இருக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் எவ்லின்தான் போய், "குடுங்க, ரொம்பக் கனம்" என்று தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள்.